பட்டினி மீன் சொன்ன கணக்கு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, நீ பார்க்கிற வேலையைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "மீன் பண்ணையில வேலை பார்க்கிறேன் அண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "நீ இன்ஸ்ட்ருமென்டேஷன்தானே படிச்சே?" என்று கேட்டார். என் மாமனாரும் கல்யாணத்துக்கு முன்னால் இதே கேள்வியைத்தான் கேட்டார். இருவருக்கும் சேர்த்து இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. நாங்கள் மூன்றாம் ஆண்டு படித்தபோது ஹாஸ்டலில் ஒரு மெஸ் ஸ்டிரைக் நடந்தது. சாம்பாரில் பருப்பு இல்லை என்பது எங்கள் குற்றச்சாட்டு. இரண்டு நாள் யாரும் சாப்பிடுவதில்லை என்று முடிவு. இரண்டாம் நாள் இரவு சுவர் ஏறிப் போய்ப் பரோட்டா சாப்பிட்டவர்கள் இதோ இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். கடைசியில் வார்டன் சார் வந்து, "டேய், நீங்க சாப்பிடலேன்னா மெஸ்ஸுக்கு லாபம்தான்டா" என்றார். அன்றைக்கு அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தோம். சாப்பிடாமல் இருப்பதில் யாருக்கு லாபம், யாருக்குச் செலவு என்பதை நான் புரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று. அதைச் சொல்லிக்கொடுத்தது மீன்.

நான் வேலை பார்ப்பது நார்வே நாட்டின் மேற்குக் கடற்கரையில். 1970-இல் அங்கே ஹிட்ரா என்ற தீவில் கிரன்ட்வெட் சகோதரர்கள் இருவர் கடலில் மிதக்கும் கூண்டில் சால்மன் குஞ்சுகளை விட்டு வளர்த்துக் காட்டினார்கள். இன்று அந்த நாடு ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் டன்னுக்கு அருகிலும் அதற்கு மேலும் சால்மன் விளைவிக்கிறது. மீன்கள் வாழ்நாளின் முதல் பகுதியை நிலத்தில், பெரிய வட்டத் தொட்டிகளில், நல்ல தண்ணீரில் கழிக்கின்றன. பிறகுதான் கடலுக்குப் போகின்றன. எங்கள் நிலையம் அந்த முதல் பகுதிக்கானது. ஒரே தண்ணீரைச் சுத்தம் செய்து சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறோம். பம்பு, வால்வு, ஆக்ஸிஜன், வெப்பநிலை, அமில காரம், அம்மோனியா எல்லாவற்றையும் அளந்து கட்டுப்படுத்துவது என் வேலை. ஆகவே மாமனாருக்குப் பதில்: நான் மீன் வளர்க்கவில்லை, மீன் வளரும் தண்ணீரை வளர்க்கிறேன்.

இதில் அம்மோனியா என்பதுதான் இன்றைய கதாநாயகன். மீன் புரதத்தைச் செரித்து, அமினோ அமிலங்களில் ஒரு பகுதியை உடம்பாகக் கட்டிக்கொள்கிறது, மீதியை எரிபொருளாக எரிக்கிறது. எரித்ததன் சாம்பல் அம்மோனியா. நமக்கு அது யூரியாவாக மாறிச் சிறுநீரில் போகிறது. மீனுக்கு அந்தச் சிரமம் இல்லை, பெரும்பகுதியைச் செவுள் வழியாக நேரே தண்ணீரில் விட்டுவிடும். ஒரு கிலோ தீவனம் போட்டால் 30 முதல் 40 கிராம் வரை அம்மோனியா நைட்ரஜன் தண்ணீருக்கு வரும். பத்து டன் மீன் இருக்கும் தொட்டிக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒரு சதவீதம், அதாவது 100 கிலோ தீவனம் போட்டால், மூன்று முதல் நான்கு கிலோ வரை. அம்மோனியா மீனுக்கு விஷம். அதனால் பயோஃபில்டர் என்று ஒரு தொட்டி வைத்து, பிளாஸ்டிக் துண்டுகளில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களுக்கு அதைச் சாப்பாடாகக் கொடுக்கிறோம். அவை அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். பயோஃபில்டருக்குள் போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் அம்மோனியாவை அளந்து, வித்தியாசத்தைத் தண்ணீர் ஓட்டத்தால் பெருக்கினால், அன்றைக்கு மீன்கள் எவ்வளவு வெளியிட்டன என்பது கிடைத்துவிடும். எளிய கணக்கு.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். இளைஞர்கள் கேட்பதற்காகவே சொல்கிறேன்.

மீனை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்புமுன் சில நாள் தீவனத்தை நிறுத்துவார்கள். குடல் காலியாக இருந்தால் வழியில் தண்ணீர் கெடாது, மீனுக்கு ஆக்ஸிஜன் குறைவாகப் போதும், அம்மோனியாவும் குறைவு. நம் ஊர்க் குஞ்சுப் பண்ணைகளிலும் கெண்டைக் குஞ்சுகளைப் பாலிதீன் பையில் ஆக்ஸிஜன் நிரப்பி அனுப்புவதற்கு முன்னால் பட்டினி போட்டு வைப்பது வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு தொட்டி மீனை இப்படி நான்கு நாள் நிறுத்தி வைத்தோம். ஐந்தாம் நாள் உயிர்மீன் ஏற்றும் கப்பல் வர வேண்டும். புயல் வந்தது, கப்பல் வரவில்லை. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போய்ப் பதினோரு நாள் ஆகிவிட்டது.

கணினித் திரையில் அம்மோனியாக் கோடு முதல் இரண்டு நாளில் சரசரவென்று இறங்கியது. எதிர்பார்த்ததுதான். நான்காம் நாள் ஒரு மட்டத்துக்கு வந்து, அதற்குமேல் இறங்க மறுத்துவிட்டது. பட்டினிக்கு முன்பு இருந்ததில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு, ஒரு நாளைக்குச் சுமார் 400 கிராம், வந்துகொண்டே இருந்தது. நான் யோசித்தேன். தீவனம் பூஜ்யம், ஆகவே அம்மோனியாவும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் சென்ஸர் நகர்ந்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை. உள்ளே போகும் பக்கத்துச் சென்ஸருக்கு ஓர் ஆஃப்செட் கொடுத்துக் கோட்டைக் கீழே இறக்கிப் பூஜ்யத்தில் உட்கார வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

பதினோராம் நாள் கப்பல் இந்த மாதம் வராது என்று தெரிந்தது. மறுபடி தீவனம் ஆரம்பித்தோம், முழு அளவில். அன்று இரவுப் பணியில் இருந்தவர், மீன்கள் தீவனத்துக்கு மேலே வரவில்லை, மூச்சு வாங்குகின்றன என்று கவனித்தார். திரையில் எல்லாம் பச்சை. அவர் திரையை நம்பவில்லை, நல்லவேளை. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டு நிறம் பார்த்தார், நிறம் ஏறியது. உடனே தீவனத்தை நிறுத்திப் புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். சில மீன்கள் செத்தன, மற்றவை பிழைத்தன. அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காததற்குக் காரணம் நான் கொடுத்த ஆஃப்செட்.

மறுநாள் காலை எங்கள் நிலையத்தின் உயிரியல் நிபுணர் என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயது தாண்டிய அம்மையார், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். "சென்ஸர் சரியாகத்தான் இருந்தது. நீங்கள் தீவனத்தை நிறுத்தினீர்கள். மீன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை" என்றார். எதைச் சாப்பிட்டது என்று கேட்டேன். "தன்னைத்தான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எனக்குப் பல மாதம் பாடம் எடுத்தார். அதன் சாரத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

மீனின் உடம்பில் பாதிக்கு மேல் தசை. அதிலும் பெரும்பங்கு வெள்ளைத் தசை. தோலுக்கு அடியில் பக்கவாட்டில் ஒரு மெல்லிய பட்டையாகச் சிவப்புத் தசை ஓடும். சிவப்புத் தசை தினமும் நிதானமாக நீந்துவதற்கு. வெள்ளைத் தசை எதிரியைக் கண்டால் பாய்ந்து ஓடுவதற்கு. அது மட்டுமல்ல, அதுதான் மீனின் சேமிப்புக் கிடங்கும்கூட. உணவு கிடைக்காதபோது கல்லீரலில் உள்ள சர்க்கரைச் சேமிப்பும் வயிற்றுக் கொழுப்பும் முன்னால் செலவாகும். பட்டினி நீளும்போது வெள்ளைத் தசையின் புரதம் மேலும் மேலும் கரையும். சிவப்புத் தசையை முடிந்தவரை காப்பாற்றி வைக்கும், நீந்தாவிட்டால் பிழைப்பு ஏது?

கனடாவின் பிரேசர் ஆற்றில் ஏறும் சாக்கை சால்மன் இதற்குப் பெரிய உதாரணம். கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்தபின் அது இரை எடுப்பதில்லை. முட்டையிடும் இடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட வேண்டும். கொழுப்பையும் தசையையும் எரித்துத்தான் போகிறது. போய்ச் சேரும்போது இறைச்சி நீர்த்துப்போய் இருக்கும்.

இந்த "நீர்த்துப்போதல்" முக்கியம். தசையில் புரதம் குறையும்போது அந்த இடத்தில் தண்ணீர் ஏறுகிறது. அதனால் தராசில் போட்டால் மீன் இழந்தது முழுசாகத் தெரியாது. அந்தப் பதினோரு நாளில் நாங்கள் மாதிரி எடுத்து எடை போட்டபோது பெரிய மாற்றம் இல்லை. "எடை குறையவில்லை, பட்டினி இலவசம்" என்று நானே அறிக்கையில் எழுதியிருந்தேன். இலவசம் இல்லை. அந்தச் செலவைத் தராசு காட்டவில்லை, அம்மோனியா மீட்டர் காட்டியது. அதைத்தான் நான் பொய் சொல்ல வைத்திருந்தேன்.

சரி, தசை எப்படிக் கரைகிறது? தானாக உருகுவதில்லை. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். பழைய வீட்டை இடித்து, செங்கல்லைச் சுண்ணாம்பு தட்டி அடுக்கி, மறுபடி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தசையிலும் அப்படித்தான், மூன்று கூட்டத்தார் வேலை செய்கிறார்கள். முதல் கூட்டம் கால்பெயின் என்ற நொதிகள். கால்சியம் வந்தால் விழித்துக்கொண்டு தசை நாரின் மூட்டுகளைத் தளர்த்திவிடும். இரண்டாவது கூட்டம், எந்தப் புரதத்தை இடிக்க வேண்டுமோ அதன்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளத்தை ஒட்டும். அடையாளம் ஒட்டியதைப் புரோட்டியசோம் என்ற அரவை இயந்திரம் உள்ளே இழுத்து நறுக்கிவிடும். இந்த அடையாள முறையைக் கண்டறிந்ததற்காக ஆரோன் சியெச்சனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்றாவது கூட்டம், செல்லின் ஒரு மூலையை அப்படியே பையில் சுற்றிக் கட்டி, லைசோசோம் என்ற அமிலத் தொட்டிக்குள் கொட்டும். இதற்குத் தன்னுண்ணல் என்று பெயர். இதன் ரகசியத்தை ஈஸ்ட்டில் ஆராய்ந்த ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு.

இந்த மூன்று கூட்டமும் பட்டினியில் மட்டும் வருவதில்லை என்பதை அந்த அம்மையார் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். நன்றாகச் சாப்பிட்டு வளரும் மீனிலும் இவர்கள் தினமும் வேலை செய்கிறார்கள். கெட்டுப்போன புரதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டுமே. அப்படியானால் வளர்ச்சி என்பது என்ன? கட்டுவது கழித்தல் இடிப்பது. நம் பாஷையில் சொன்னால், தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறுவது உள்ளே வரும் குழாயை மட்டும் பொறுத்ததல்ல, வெளியே போகும் குழாயையும் பொறுத்தது. தீவனக் கம்பெனிகளும் பண்ணைக்காரர்களும் பல காலம் உள்ளே வரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே போகும் குழாயின் வால்வை யார் திருகுகிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

2001-இல் எலிகளில் அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்று இரண்டு புரதங்களை அடையாளம் கண்டார்கள். இரண்டாவது கூட்டத்தில், எந்தப் புரதத்தின்மேல் சீட்டு ஒட்டுவது என்று தீர்மானிக்கும் மேஸ்திரிகள் இவர்கள்தான். எலியைப் பட்டினி போட்டால், காலைக் கட்டிப்போட்டால், நரம்பை வெட்டினால், எல்லாவற்றிலும் இந்த இரண்டும் ஏறுகின்றன. பிறகு ட்ரவுட், சால்மன் மீன்களில் பார்த்தார்கள். அதே மேஸ்திரிகள் அங்கேயும் இருந்தார்கள். பட்டினி போட்டால் அட்ரோஜின்-1 ஏறுகிறது, தீவனம் போட்டால் இறங்குகிறது. எலிக்கும் மீனுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது நாற்பது கோடி வருஷத்துக்கும் முன்னால். அவ்வளவு காலமாக அந்த வால்வின் டிசைன் மாறவில்லை. அன்று மெஸ் ஸ்டிரைக்கில் உட்கார்ந்திருந்த நம் தொடையிலும் அதே வால்வுதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. பிரான்சின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மீன் ஆய்வாளர்கள் ட்ரவுட் தசைச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, ஒவ்வொரு கூட்டமாக மருந்து கொடுத்து வேலை நிறுத்தம் செய்ய வைத்துப் பார்த்தார்கள். மீன் தசையில் மூன்றாவது கூட்டம், அதாவது பையில் கட்டி அமிலத்தில் கொட்டும் வழி, அரவை இயந்திர வழியைவிடப் பெரிய பங்கு வகிப்பதாகத் தெரிந்தது. எலியில் படித்ததை அப்படியே மீனுக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

இப்போது ஹார்மோனுக்கு வருவோம். ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி, "பண்ணை மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறாங்களாமே?" என்பது. நார்வே சால்மனுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுப்பதில்லை. ஆனால் மீனின் உடம்பிலேயே அது இருக்கிறது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைச் சுரக்கிறது. அது கல்லீரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கச் சொல்கிறது. தசையிலும் கொஞ்சம் உண்டாகிறது. இந்த ஐ.ஜி.எஃப்-1 தான் தசைச் செல்லின் வாசலில் மணியடிப்பவர். மணி அடித்தால் உள்ளே இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, புரதம் கட்டும் பட்டறை திறக்கும். இரண்டு, ஃபாக்ஸோ என்ற ஒரு புரதத்தை உட்கருவுக்குள் நுழைய விடாமல் வெளியே நிறுத்திவைக்கும். மேஸ்திரிகளையும் பை கட்டுகிறவர்களையும் வேலைக்குக் கூப்பிடுவது இந்த ஃபாக்ஸோதான். மணி நின்றால் ஃபாக்ஸோ உள்ளே போய்விடும், இடிப்பு வேலை ஆரம்பமாகும். அமெரிக்க வேளாண் துறையின் மேற்கு வர்ஜீனியா ஆய்வு நிலையத்தில், ட்ரவுட் தசைச் செல்களுக்கு ஐ.ஜி.எஃப்-1, இன்சுலின் இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். புரதச் சிதைவு குறைந்தது. ஒரே சமிக்ஞை ஒரு கையால் உள் குழாயைத் திறக்கிறது, இன்னொரு கையால் வெளிக் குழாயை மூடுகிறது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் நாம் இதைவிட நல்ல டிசைன் பார்த்ததில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. மீனைப் பட்டினி போட்டால் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறையும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். சால்மன், ட்ரவுட் மீன்களில் அது குறைவதில்லை, ஏறுகிறது! வளர்ச்சி நின்றுவிட்டது, வளர்ச்சி ஹார்மோன் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. அம்மையார் இதைச் சொன்னபோது, "அப்படியானால் அந்த சென்ஸரையும் சரிபார்க்க வேண்டுமே" என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

நடப்பது என்னவென்றால், பட்டினியில் கல்லீரல் அந்த ஹார்மோனுக்குக் காது கொடுப்பதைக் குறைத்துவிடுகிறது. அதைப் பிடிக்கும் ஏற்பிகள் குறைகின்றன, ஐ.ஜி.எஃப்-1 உற்பத்தி விழுந்துவிடுகிறது. இருக்கிற ஐ.ஜி.எஃப்-1-ஐயும் கட்டிப்போடும் புரதங்கள் இரத்தத்தில் கூடுகின்றன. கீழிருந்து "போதும்" என்ற பதில் வராததால் மேலே பிட்யூட்டரி இன்னும் இன்னும் சுரக்கிறது. நம் கேஸ்கேட் கண்ட்ரோலில் உள் வளையம் துண்டிக்கப்பட்டால் வெளிக் கண்ட்ரோலர் உச்சத்துக்கு ஏறி நிற்குமே, பார்க்க அதே மாதிரி. ஆனால் இது பழுது இல்லை. ஏறிய ஹார்மோனுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. கொழுப்புக் கிடங்கைத் திறந்து விடுவது. கொழுப்பு எரிந்தால் அந்த அளவுக்குத் தசைப் புரதம் மிச்சமாகும். ஆக, சோறு இருக்கும்போது வீடு கட்டச் சொல்லும் அதே ஹார்மோன், சோறு இல்லாதபோது கட்டிட வேலையை நிறுத்திவிட்டு, சேமிப்பை எடுத்துக் குடும்பத்தை ஓட்டச் சொல்கிறது. என் நான்காம் நாள் கோடு பூஜ்யத்துக்கும் போகாமல், மேலேயும் ஏறாமல் ஒரே மட்டத்தில் நின்றதற்கு இப்படிப்பட்ட சிக்கனமும் ஒரு காரணம். மீன் தன்னைத் தின்றது, அளந்து தின்றது.

சரி, அந்த ஹார்மோனை நாமே கூட்டிவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். கனடாவில் ராபர்ட் டெவ்லின் குழுவினர் கோஹோ சால்மனுக்குள் கூடுதல் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை வைத்தார்கள். 1994-இல் வெளியான முடிவு: சராசரியாகச் சாதாரண மீனைப்போல் பதினோரு மடங்கு எடை. நியூஃபவுண்ட்லாந்தில் 1989-இல் தொடங்கிய இன்னொரு முயற்சியில் அட்லான்டிக் சால்மனுக்குள் சினூக் சால்மனின் ஹார்மோன் மரபணுவை வைத்து, மூன்று வருஷம் ஆகும் வளர்ச்சியை ஒன்றரை வருஷத்துக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015 நவம்பரில் அதற்கு அனுமதி கொடுத்தது. மரபணு மாற்றிய விலங்கு ஒன்று உணவுக்காக அங்கே அனுமதி பெற்றது அதுதான் முதல் தடவை. கனடாவில் 2017-இல் விற்பனைக்கும் வந்தது. பிறகு செலவு கட்டுபடியாகாமல் அந்தக் கம்பெனி 2024 டிசம்பரில் மீன் வளர்ப்பை நிறுத்துவதாக அறிவித்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. டெவ்லின் குழு 2004-இல் இன்னொரு ஆராய்ச்சியை வெளியிட்டது. அந்த ஹார்மோன் மீன்களையும் சாதாரண மீன்களையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டார்கள். தீவனம் தாராளமாக இருந்தபோது ஒரு பிரச்சினையும் இல்லை. தீவனத்தைக் குறைத்தார்கள். ஹார்மோன் மீன்கள் இருந்த தொட்டிகளில் கூட்டம் சரிந்தது, சில தொட்டிகளில் அடியோடு அழிந்தது. பசி தாங்காத மீன்கள் மற்றவற்றை விரட்டின, தின்றன. சாதாரண மீன்கள் மட்டும் இருந்த தொட்டியில் பத்துக்கு ஏழு உயிரோடு இருந்தன. "நிறுத்து, சேமிப்பை எடு" என்ற கட்டளைக்கு இடமில்லாமல் "கட்டு, கட்டு" என்று மட்டும் சொல்லும் உடம்புக்குப் பஞ்சத்தில் பிழைக்கத் தெரியவில்லை. செங்கல் வராத இடத்தில் மேஸ்திரியை மட்டும் இரட்டிப்பாக்கி என்ன பயன்?

இதைக் கேட்டுப் பட்டினியே பாவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மீன் குளிர் இரத்தப் பிராணி, நம்மைப்போல் உடம்பைச் சூடாக வைக்க அது செலவு செய்வதில்லை. நார்வேயின் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் பட்டினி கிடந்த சால்மன்கள் மறுபடி தீவனம் போட்டபின் அறுவடைக்குள் மற்ற மீன்களை எட்டிப் பிடித்துவிட்டன. சாப்பாடு வந்ததும் அட்ரோஜின்-1 இறங்குகிறது, ஐ.ஜி.எஃப்-1 பின்னாலேயே ஏறுகிறது, இடிப்பு நின்று கட்டுமானம் வேகம் பிடிக்கிறது. ஆகவே பதினோரு நாள் பட்டினி எங்கள் மீன்களைக் கொன்றிருக்காது. கொன்றது நான் மறைத்துவைத்த எண்.

எப்படி என்று கேட்பீர்கள். பயோஃபில்டரில் இருந்த பாக்டீரியாக்களுக்கு அம்மோனியாதான் சோறு. மீன் பட்டினி என்றால் அவையும் அரைப்பட்டினி. மீன் தன் தசையைக் கரைத்து விட்ட அந்த 400 கிராம் கஞ்சியைக் குடித்து அவை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. பதினோரு நாளில் அவற்றின் பலம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த நிலையில் ஒரே நாளில் 100 கிலோ தீவனம் போட்டால் வரும் அம்மோனியாவை அவற்றால் தாங்க முடியுமா? திரையில் அந்த 400 கிராம் தெரிந்திருந்தால், மீன் எந்த நிலையில் இருக்கிறது, ஃபில்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டையும் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனத்தைக் கூட்டியிருப்போம். நான் அதைப் பூஜ்யம் ஆக்கியிருந்தேன்.

அதன் பிறகு அந்த அம்மையாரும் நானும் உட்கார்ந்து ஒரு சின்னக் கணக்கு எழுதினோம். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம், பரீட்சையில் வராது, வாழ்க்கையில் வரும். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். ஆகவே ஒரு கிராம் நைட்ரஜன் வெளியே வந்தால் ஆறேகால் கிராம் புரதம் எரிந்திருக்கிறது. மீன் இறைச்சியில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஆகவே அது ஏறத்தாழ முப்பத்தொரு கிராம் இறைச்சிக்குச் சமம். 400 கிராம் நைட்ரஜன் என்றால் இரண்டரை கிலோ புரதம், பன்னிரண்டரை கிலோ இறைச்சி, ஒரு நாளைக்கு, அந்த ஒரு தொட்டியில். பத்து டன்னில் அது பெரிசில்லை. குடல், கல்லீரல் புரதமும் இதில் சேர்ந்திருக்கும், கொஞ்சம் நைட்ரஜன் வேறு வடிவத்திலும் போகும், ஆகவே தோராயக் கணக்குதான். ஆனாலும் தராசு காட்டாததை இது காட்டுகிறது. இன்று எங்கள் நிலையத்தில் எந்தத் தொட்டியைப் பட்டினி போட்டாலும் தினசரி அறிக்கையில் ஒரு வரி உண்டு: "இன்று மீன்கள் செலவு செய்தது இத்தனை கிலோ." கப்பல் தாமதமானால் காத்திருப்பதா, தீவனம் தொடங்குவதா என்பதை அந்த வரியைப் பார்த்துப் பேசி முடிவு செய்கிறோம். முன்பெல்லாம் யாரும் முடிவே செய்யவில்லை, பட்டினி தானாக நீண்டது.

தம்பி தங்கைகளே, நம் முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடை முன்னாலேயே தெரியும். அளவு அதற்கு ஒத்து வராவிட்டால், பக்கத்து பெஞ்சு நோட்டைப் பார்த்து ரீடிங்கைத் திருத்திவிடுவோம். நானும் செய்திருக்கிறேன், இங்கே முன்வரிசையில் இருக்கும் சார் கையெழுத்தும் போட்டிருக்கிறார். (சார், மன்னிக்கணும்.) நார்வேயில் நான் செய்ததும் அதே காரியம்தான், நோட்டுக்குப் பதில் தொட்டி. கருவி நமக்குப் பிடிக்காத எண்ணைக் காட்டினால் அதைத் திருத்தும் முன் ஒருவரையாவது கேளுங்கள், முக்கியமாக நம் துறையைச் சேராத ஒருவரை. அன்று மாலையே நான் அந்த அம்மையாரின் அறைக்கு இருபது அடி நடந்திருந்தால் போதும்.

நம் மாநிலத்திலும் நீலகிரியில் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் எட்டிப் பாருங்கள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் அசையாமல் நிற்கும் மீனுக்குள்ளே கட்டுகிறவர்களும் இடிக்கிறவர்களும் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

கடைசியாக, வார்டன் சாருக்கு ஒரு வார்த்தை. சார், அந்த இரண்டு நாளில் மெஸ்ஸுக்கு லாபம் என்று சொன்னீர்கள். உண்மைதான். ஆனால் செலவை நாங்கள் தொடையிலிருந்து கொடுத்தோம், பரோட்டா கோஷ்டியைத் தவிர. இன்று மதியம் சாப்பாட்டில் சாம்பாரில் பருப்பு இருப்பதாகச் செயலாளர் அண்ணன் உறுதி கொடுத்திருக்கிறார்.